மூன்று சாலைகள், ஒரு கடற்கரை: ஈ.சி.ஆர். குறிப்புகள்

தென்சென்னையில் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால், கடலை ஒட்டியே தெற்கே போய், மரக்காணம் வரை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். போக சுமார் 120 கிலோமீட்டர், வர அதே தூரம். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை நான் பெரும்பாலும் இந்த வழியில்தான் கூட்டிப் போவேன். எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சின்ன தூரத்துக்குள்ள இத்தனை இடிஞ்ச கோட்டை ஏன்?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஒரு கட்டுரை வேணும். இதுதான் அது.

சுருக்கமா சொன்னா, இந்தக் கரையில் மூன்று சாலைகள் இருந்திருக்கின்றன. முதலாவது கடல். இரண்டாவது கால்வாய். மூன்றாவதுதான் நாம் போகிற தார்ச்சாலை. ஒவ்வொரு சாலையும் வந்தபோது ஊர்கள் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தன, முன்பு முகமாக இருந்தது முதுகாகிவிட்டது. அதனால் வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்த ஊர் எந்தச் சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டது? பாதி வரலாறு அதிலேயே புரிந்துவிடும்.

தார்ச்சாலைக்கு வயசு அதிகமில்லை

கிழக்குக் கடற்கரைச் சாலை ஏதோ ராஜா காலத்துப் பெருவழி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய வடிவத்துக்கு அது வந்து இருபத்தைந்து ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. மீனவர் குப்பங்களையும் உள்ளூர்களையும் இணைத்துக் கிடந்த துண்டுச் சாலைகளை அகலப்படுத்திச் சேர்த்து, 2000களின் தொடக்கத்தில் சுங்கச் சாலையாகத் திறந்தார்கள். அதுவரை சென்னையிலிருந்து புதுச்சேரி என்றால் திண்டிவனம் வழிதான். பஸ்காரர்களைக் கேட்டால் இப்பவும் சொல்வார்கள்.

உத்தண்டி சுங்கச்சாவடியில் காசு கொடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலாம் குலோத்துங்கன் ஞாபகம் வரும். 1070இல் பட்டத்துக்கு வந்த சோழ அரசன். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கியவன். ஒரு அரசனுக்கு அது பட்டப்பெயராகவே நிலைத்தது என்றால், சுங்கம் மக்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கரையில் கோட்டை கட்டியவர்கள் எல்லாரும் அடிப்படையில் சுங்கம் வாங்கத்தான் கட்டினார்கள். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வரி, ஏறும் துணிக்கு வரி, உப்புக்கு வரி.

முட்டுக்காடு: பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

முட்டுக்காடு பாலத்தை எல்லாரும் படகுத்துறைக்காகத்தான் பார்ப்பார்கள். நான் நிற்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. நமக்கு வலது கைப்பக்கம், மேற்கே, உப்பங்கழியோடு வந்து கலப்பது பக்கிங்காம் கால்வாய். மேலே சொன்ன இரண்டாவது சாலை அதுதான்.

அதன் கதை 1806இல், நகரத்துக்கு வடக்கே ஆரம்பிக்கிறது. பாசில் காக்ரேன் என்கிற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் முதல் துண்டை வெட்டினார். 1837இல் அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். கடைசியில் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம்ம மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கரையோரக் கழிகளையும் ஆற்று முகங்களையும் கோத்துக் கட்டிய உப்புநீர்ச் சாலை. வடக்கே போன படகுகளில் உப்பும் சவுக்கு விறகும் நெல்லும் சென்னைக்குப் போயின. ஒரு காலத்தில் நகரத்தின் அடுப்பு எரிந்தது இந்த விறகில்.

இந்த நீளமான கால்வாயில் ஒரு சின்னத் துண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லணும். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர். அந்த இணைப்பு இல்லாதவரை வடக்குக் கால்வாய் தனி, தெற்குக் கால்வாய் தனி. அதை வெட்டியது 1877–78இல். அந்த வருஷங்களைக் கேட்டதுமே தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும்: தாது வருஷப் பஞ்சம்.

1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பஞ்ச நிவாரணம் என்பது அன்று பெரும்பாலும் மண் வெட்டும் வேலை. வெட்டினால் கூலி. அந்தக் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டையே நடந்தது. இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில், ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற மனுசனுக்கு! பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்கிற மருத்துவர் இதை எதிர்த்து எழுதினார். இந்தச் சோற்றில் இந்த வேலை செய்தால் உடம்பு தாங்காது என்பது அவர் வாதம். சில மாதங்கள் கழித்துத்தான் அளவை உயர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் போனார்களோ.

கூவம்–அடையாறு இணைப்பும் அந்தக் காலத்து நிவாரண வேலைகளில் ஒன்று. செலவு 30 லட்சம் ரூபாய். முடிந்ததும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் போனது. வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. கால்வாய் மட்டும் இருக்கிறது. பறக்கும் ரயிலில் போகிறவர்கள் கீழே பார்த்து மூக்கைப் பொத்துகிறார்களே, அந்தத் தண்ணீர்தான்.

தோணி போன பாதை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் பார்க்கப் போனவர்களில் பலர் இந்தக் கால்வாயில்தான் போனார்கள். சாயந்திரம் படகு ஏறினால், ராத்திரி முழுக்கப் பயணம், விடிந்தால் மாமல்லபுரம். வெள்ளைக்காரர்களுக்கான அந்தக் காலத்துப் பயணக் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன.

தமிழில் இதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. பாரதிதாசன் தன் நண்பர்களோடு 1930களில் இப்படித் தோணியில் போனதை 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக எழுதியிருக்கிறார். பாதிக் கவிதை வரை நிலா, காற்று, பேச்சு, சிரிப்பு என்று ஜாலியான பயணம்தான். பிறகு கவிஞரின் கண் தோணியிலிருந்து கரைக்குப் போகிறது. ஒரு ஆள் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து தோணியை இழுக்கிறார். இன்னொருவர் பின்னால் கோல் ஊன்றித் தள்ளுகிறார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தை அவரால் பழையபடி ரசிக்க முடியவில்லை.

உல்லாசப் பயணம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அழகைப் பார்க்கப் போன ஆள், தன்னை யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டார். தார்ச்சாலையில் ஏசி போட்டுப் போகும்போது நமக்கு அந்த வாய்ப்பு குறைவு.

1965, 66 புயல்களில் கால்வாய் பலமாக அடிபட்டது. லாரி வந்துவிட்ட காலம் வேறு. பிறகு யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. 2008இல் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். அறிவிப்போடு சரி.

ஆனா கால்வாய் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்கு வந்து, இதே முட்டுக்காடு பாலத்துக்கு அடியில்தான் கடலுக்குப் போகிறது. 2015 வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கிக் கிடந்தபோது தண்ணீர் தேடிய வழி இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பல இடங்களில் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பியதும் இதே கால்வாய். பஞ்சத்தில் பிறந்தது, வெள்ளத்தில் காப்பாற்றுகிறது. நாம் அதன் இரண்டு கரையையும் சுருக்கிக்கொண்டே வருகிறோம். பாலத்தில் நின்று பார்த்தால் இதுக்கு விளக்கமே தேவைப்படாது.

கோவளம்: போட்டி போட்டவர்களின் துறை

முட்டுக்காடு தாண்டினால் கோவளம். இப்போ அலைச்சறுக்குக்குப் பேர்போன ஊர். 18ஆம் நூற்றாண்டில் இது ஒரு அரசியல் துறைமுகம். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் (1710–1732) ஆதரித்து வளர்த்ததால் அவர் பெயரிலேயே சாதத் பந்தர் என்று அழைக்கப்பட்டது. சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இருவருக்கும் நடுவில் தனக்கென்று ஒரு துறை வேண்டும் என்று நவாப் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இங்கே வந்து போனவர்களில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள். இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து, ஆஸ்திரிய மன்னரின் உரிமைச் சாசனத்தோடு 1722இல் அமைந்த வணிகக் குழு. கோவளத்தைக் கப்பெலோன் என்று அவர்கள் எழுதினார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது, அதுதான் சிக்கல். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பாவில் நெருக்கடி கொடுத்து, 1731க்குள் அந்தக் கம்பெனியையே மூட வைத்துவிட்டார்கள்.

பிறகு கோவளம் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போக, 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து பிடித்து இடித்துப் போட்டார். அப்போது கிளைவ் கூட வந்த படை அனுபவமே இல்லாத புது ஆட்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து காவல் நின்றவர்கள் ஓடியதாகவும், ஒருத்தரைச் சில மணி நேரம் கழித்துக் கிணத்தடியில் கண்டுபிடித்ததாகவும் மெக்காலே எழுதியிருக்கிறார். பிளாசியின் வீரர் என்று பாடப் புத்தகத்தில் படித்த ஆள், அதற்கு ஐந்து வருஷம் முன்னால் இப்படி ஒரு படையை வைத்துக்கொண்டு கோவளத்தில் நின்றார். கோட்டை இருந்த இடம் இன்றைக்கு நட்சத்திர ஹோட்டல்.

மாமல்லபுரம்: இரண்டு பக்கமும் பார்க்கும் கோயில்

இதைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டை வைத்து 2005இல் தொல்லியல் துறை தோண்டிய செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. புலிக்குகைக்கு வருகிறவர்கள் பத்து நிமிஷம் நடந்து இதையும் பார்க்கலாம். பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

இரண்டாவது, கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் கட்டிய அந்த வளாகத்தில் ஒரு சிவன் சந்நிதி கிழக்கே கடலைப் பார்க்கிறது, இன்னொன்று மேற்கே நிலத்தைப் பார்க்கிறது. நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். சமய விளக்கம் தனியே இருக்கட்டும். இரண்டு பக்கமும் முகம் வைத்துக்கொண்ட ஊர் இது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

சதுரங்கப்பட்டினம்: கடலைப் பார்த்த டச்சுக்காரர்கள்

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் வழியில் சதுரங்கப்பட்டினம். சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் என்றும் பெயர். டச்சுக்காரர்கள் வாயில் சத்ராஸ் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. சுற்று வட்டாரத்து நெசவாளர்களின் துணி இங்கிருந்து கப்பல் ஏறியது.

கோட்டைக்குள் போனால் வாசலில் பீரங்கிகள், உள்ளே சரக்குக் கிடங்குகள், ஒரு ஓரத்தில் கல்லறைகள். அந்தக் கல்லறைப் பலகைகளை நிதானமாகப் பார்க்கணும். டச்சு எழுத்தும், குடும்ப முத்திரையும், பூவேலையும் அப்படி ஒரு நுணுக்கம். செதுக்கிய கை நம்ம ஊர்க் கை மாதிரியே எனக்குப் படும். 1781இல் ஆங்கிலேயர் தாக்கினார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே ஆங்கிலக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதின. ஹியூஸ், சஃப்ரன் என்ற இரு தளபதிகளும் இந்தப் பகுதிக் கடலில் போட்ட ஐந்து சண்டைகளில் அதுதான் முதலாவது. 1824 உடன்படிக்கைக்குப் பிறகு டச்சுக்காரர்கள் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள்.

கப்பல்கள் சென்னைக்குப் போய்விட்டன. கடலைப் பார்த்து நின்ற ஊருக்கு இனி பார்க்க ஒன்றுமில்லை. இன்றைக்குக் கோட்டைக்குப் பக்கத்திலேயே அணுமின் நிலையம். அதற்கும் கடல் வேணும், உலையைக் குளிர்விக்க.

இடைக்கழிநாடு: பழைய வழிகாட்டி

பாலாற்றைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. கடப்பாக்கம் பக்கத்தில் சாலை மேற்கே ஒதுங்க, நமக்கும் கடலுக்கும் நடுவில் கழி வந்துவிடும். இந்தப் பகுதிக்குப் பெயரே இடைக்கழிநாடு. ரெண்டாயிரம் வருஷப் பெயர் இன்னும் பேரூராட்சிப் பலகையில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்.

ஆற்றுப்படை என்றால் என்ன? இப்படிப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், அடுத்த ஊரில் அது கிடைக்கும் என்று பாணனுக்கு வழி சொல்வது. அந்த வகையில் இந்தக் கரைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பயணக் கையேடு அதுதான். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்துக்குப் போனால், நுளைமகள் வடித்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறது. அதே நூலில் உப்பு விற்கும் உமணரின் வண்டி வரிசையும் வருகிறது. எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்றும், கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா துறைமுகமும் அதுவே என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. கழிமுகத்தின் ஓரத்தில், பாதி மணலில் புதைந்து கிடக்கிறது. நவாபின் நாணயச் சாலை இருந்த இடம் இது. 1736இல் புதுச்சேரியில் ரூபாய் அச்சடிக்கும் உரிமையை நவாப் தோஸ்த் அலி கானிடம் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். அதே வருஷம்தான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பிக்கிறார், நாணய விவகாரம் அதில் நிறைய வரும். 1750இல் கோட்டையே டூப்ளேக்குப் பரிசாகக் கிடைத்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். கோவளத்துக்கு நடந்தது இங்கேயும் நடந்தது.

ஆக, நண்பர்களின் கேள்விக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு கோட்டையும் கடல் வழியில் ஒருத்தர் போட்ட சுங்கச்சாவடி. வென்றவருக்குச் சென்னை ஒரு சாவடி போதும். மற்றதை இடித்துவிட்டார்.

மரக்காணம்: உப்பு மட்டும் மாறவில்லை

கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. அங்கே பூமீஸ்வரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பேசப்படுகின்றன. 'அளம்' என்ற அதே சொல்லை இன்றைக்கும் உப்பளத்தில் கேட்கலாம். 1805இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கடலோரத்தில் பிறந்தவன் தன் வாசலில் விளைந்த உப்பை எடுத்தாலும் குற்றம். அந்த உப்பு கால்வாய் வழியாக வடக்கே போனது.

சாலையோரம் பாத்திகள் கண்ணாடி மாதிரி மின்னும். எல்லாரும் இறங்கி செல்ஃபி எடுப்பார்கள், அழகுதான். வரப்பில் நிற்கும் பெண்களின் பாதங்களையும் கொஞ்சம் பாருங்கள். உப்புநீர் அறுத்த வெடிப்பு. மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் கிடையாது. உமணர் போய், கம்பெனி போய், கால்வாய் போய், லாரி வந்தும், உப்பை வாரிக் குவிப்பது இன்னமும் பெரும்பாலும் மனுசக் கைதான்.

பக்கத்திலேயே கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உப்புநீர்ச் சதுப்பு. மார்கழி, தை மாதங்களில் போனால் வலசைப் பறவைகள் கிடைக்கும்.

இப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது. சாலை அகலமாவதில் எனக்குப் புகார் இல்லை. என் கவலை வேறு. கடலைப் பார்த்த ஊர்கள் கைவிடப்பட்டபோது இடிந்த சுவர்தான் மிஞ்சியது, யாருக்கும் ஆபத்தில்லை. கால்வாயும் கழியும் அப்படி இல்லை. நாம் முதுகைக் காட்டினாலும் மழைத் தண்ணீர் அவற்றைத் தேடித்தான் வரும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாமல்லபுரத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆலம்பரையில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். சதுரங்கப்பட்டினத்தில் கல்லறைகளுக்கென்று அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முட்டுக்காட்டில் திரும்பும்போது நில்லுங்கள், மாலை வெளிச்சத்தில் கால்வாய் நன்றாகத் தெரியும். அடுத்த குறிப்பு வடக்குப் பக்கம்: எண்ணூர், பழவேற்காடு.